தானாகத் தொடங்கும் ஓதல்

கரண்ட் போனால் எல்லோருக்கும் எரிச்சல் வரும். எனக்குப் பயம் வரும். மாத்தளையில் கரண்ட் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஒரு மழை, ஒரு காற்று, கம்பியில் சாய்ந்த ஒரு பலாக்கொப்பு போதும். வகுப்பறையில் மின்விசிறி நின்றால் பிள்ளைகள் "ஓ" என்று சந்தோஷமாகக் கத்துவார்கள், அன்று கணினிப் பாடம் இல்லை என்று. நான் மார்க்கரை மூடிவிட்டு ஃபோனை எடுத்துப் பார்ப்பேன். அலுவிகாரையில் எங்கள் வீட்டில் அந்த நேரம் வாப்பாவின் தலைமாட்டில் ஓதல் நின்றுபோயிருக்கும்.

வாப்பாவுக்கு ஞாபகம் போகத் தொடங்கி இரண்டு வருடங்கள். காது அதற்கும் முன்பே போய்விட்டது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அதைக் கழற்றிச் சீனிப் போத்தலுக்குள் போட்டு மூடி வைத்தார், ஏன் என்று கேட்டால் எறும்பு வரும் என்றார். உம்மா மௌத்தான பிறகு வீட்டில் அவரும் நானும்தான். என் கணவர் கட்டாரில். நான் டவுனில் ஒரு பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். பகலில் வாப்பாவைப் பார்த்துக்கொள்ள மேலே தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வருவார். நல்ல மனுஷி. சமைப்பார், துவைப்பார், வாப்பாவின் ஏச்சையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பார்.

வாப்பா அடங்குவது ஒன்றுக்கு மட்டும்தான். உம்மாவின் ஃபோனில் குர்ஆன் ஓதல்கள் நிறைய இருந்தன. அவற்றைக் கரண்டில் ஓடும் ஒரு பெரிய ஸ்பீக்கரில் காதுக்குப் பக்கத்தில் சத்தமாகப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். ஓதல் நின்றால் எழும்பிவிடுவார். அந்த நிமிடத்தோடு வீடு அவருக்கு வீடாக இருக்காது. "நான் வீட்டுக்குப் போகணும்" என்று சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

எங்கள் கேட்டைத் திறந்தால் ஏ ஒன்பது வீதி. தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறிகள் இறங்கிக்கொண்டே இருக்கும், யாழ்ப்பாண பஸ்களும் கொழும்பு பஸ்களும் ஒன்றையொன்று முந்தும். சென்ற வருடம் ஒரு நாள் முற்பகல், கரண்ட் போன நேரம், வாப்பா நேராக அதற்குள் நடந்துவிட்டார். நான் அன்று வீட்டில்தான் இருந்தேன், குளியலறையில். பிரேக் சத்தம் கேட்டது. அது எவ்வளவு நீளமான சத்தம் என்பதை என்னால் சொல்ல முடியாது. தலையில் நுரையோடு ஓடிப்போனேன். லொறிச் சாரதி வாப்பாவைக் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வாப்பா நிதானமாக, "லொறிய யார்ட கடைக்கு ஏத்திப் போறீங்க?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு மூத்தவர் நானா, அவருக்குத் தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம். அன்று பின்னேரமே வந்துவிட்டார், கையில் ஒரு பித்தளைப் பூட்டு.

"வெளியால கொண்டி போட்டுப் பூட்டுவோம் தங்கச்சி. எனக்கு மட்டும் நோவாதா? ரோட்டில அள்ளி எடுக்கிறத விட இது நல்லம்."

"நெருப்புப் புடிச்சா? உள்ளுக்கு விழுந்தா? அந்த அக்கா தண்ணிக்குப் போற நேரம் அவர் கதவத் தட்டித் தட்டி அழுதா?"

"அப்ப நீங்க ஸ்கூல விடுங்க."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் யோசனை சொல்வதெல்லாம் நானா, செய்வதெல்லாம் நான். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஓதல் உடனே திரும்பத் தொடங்கினால் வாப்பா எழும்பிப் போக மாட்டார், கரண்ட் வந்ததும் தானாகத் தொடங்க நான் வழி செய்கிறேன், ஒரு மாதம் தாருங்கள் என்று கேட்டேன். நானா பூட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வழி ஒன்று என் அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வாங்கிய உள்ளங்கை அளவு கணினி. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, ஒரு பச்சைத் தட்டும் நான்கு துளைகளும். விடுமுறைகளில் அதை வைத்து விளையாடுவது எனக்கு ஒரு கிறுக்கு. ஒரு சவர்க்காரப் பெட்டியில் துளை போட்டு அதை உள்ளே வைத்தேன். கரண்ட் வந்ததும் அது தானாக எழும்ப வேண்டும், யாரும் தொடாமல் பிளேயரைத் திறக்க வேண்டும், உம்மாவின் ஓதல்களைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் எடுத்தது. முதலில் அது கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றது, திரையே இல்லாத கணினியிடம் யார் போய்ச் சொல்வது? அதை எடுத்துவிட்டேன். தொடக்கத்தில் ஓட வேண்டியவற்றின் கோப்பில் பிளேயருக்கு ஒரு வரி எழுதினேன். பிளேயர் திறந்தது, சத்தம் வரவில்லை. டீவி இருக்கிறதென்று நினைத்து அந்தத் துளைக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிட்டேன். அதன் பிறகும் சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. ஸ்பீக்கர் ஆயத்தமாகும் முன்பே பிளேயர் அவசரப்பட்டு எழும்பிவிடுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள். வரிக்கு முன்னால் சிறிது காத்திரு என்று சேர்த்தேன். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணுவேன். ஓதல் தொடங்கியதும்தான் மூச்சை விடுவேன்.

வேலை செய்தது. கரண்ட் போகும், வாப்பா புரளுவார், கட்டிலில் எழும்பி உட்காருவார், அதற்குள் கரண்ட் வரும், ஓதல் தொடங்கும், படுத்துவிடுவார். நீண்ட நேரம் போகும் நாட்களுக்கு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கொள்வார். நானாவுக்கு ஃபோன் எடுத்துக் கொஞ்சம் பெரிதாகவே சொன்னேன்.

ஆனால் ஒரு குறை. கரண்ட் வரும் ஒவ்வொரு தடவையும் அது முதல் கோப்பிலிருந்தே தொடங்கும். வாப்பாவுக்கு என் பெயர் ஞாபகம் இல்லாத நாட்கள் உண்டு, ஆனால் அதே சூரா அன்று மூன்றாம் தரம் வந்தால் கண்டுபிடித்துவிடுவார். "இத ஓதி முடிச்சாச்சே" என்று சிணுங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரியில் இன்னொரு சொல்லைச் சேர்த்தேன். கோப்புறையில் இருப்பதை வரிசையாக இல்லாமல் கலைத்துப் போடச் சொல்லும் சொல். உம்மாவின் ஃபோனிலிருந்து கோப்புறையை அப்படியே எடுத்திருந்தேன். எல்லாக் கோப்புக்கும் பெயர் வெறும் இலக்கங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கடைசி வரை கேட்டுப் பார்க்கவில்லை. பிள்ளைகள் இப்படிச் செய்தால் நான் கொப்பியை மேசையில் எறிந்திருப்பேன்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, இடைவேளை மணிக்குச் சற்று முன், வகுப்பில் மின்விசிறி நின்றது. பிறகு சுழன்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்நேரம் வீட்டில் பெட்டி தானாக எழும்பியிருக்கும் என்று நினைத்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். பாடத்தைத் தொடர்ந்து நடத்தினேன்.

அக்காவின் அழைப்பு வந்தது.

"டீச்சர், இன்னைக்குப் பாங்கு வெள்ளனவே சொல்லிட்டாங்களா?"

"என்ன பாங்கு? பத்தரை கூட ஆகலயே."

"பாங்கு கேட்டுச்சுங்க டீச்சர். பகல் ஆயிருச்சேன்னு நான் போயி ஒலைய வச்சு, தேங்காயத் துருவிட்டு வந்து பாக்கிறேன். ஐயாவக் காணோங்க. தொப்பியும் இல்ல."

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. உம்மாவின் ஃபோன் ஐந்து வேளையும் தொழுகைக்குப் பாங்கு சொல்லும், உம்மாதான் அதை அப்படி அமைத்து வைத்திருந்தார். அந்தக் கோப்பும் இலக்கங்களுக்குள் ஒன்றாக என் பெட்டிக்குள் போயிருக்கிறது. பாங்கு கேட்டால் எழும்பி, முகம் கைகால் கழுவி வுழூ செய்து தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிற மனுஷன் வாப்பா, அறுபது வருடமாக. பள்ளிவாசல் இருப்பது வீதிக்கு அந்தப் பக்கம். வீதி இரைச்சலில், இந்தக் காதோடு, பள்ளியின் பாங்கு அவருக்குக் கேட்டே சில வருடங்கள். நான் அதைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்து அவரை வீதிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

யாரிடம் சொன்னேன், எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. த்ரீவீலில் ஏறி அலுவிகாரை என்றேன், சீக்கிரம் என்றேன். சாரதி என்ன என்று சிங்களத்தில் கேட்டார். வாப்பா ரோட்டில் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. வீதியில் பச்சைக் கொப்புகள் கிடந்தன. வண்டி பழுதானாலும் கொப்பு முறித்துப் போடுவார்கள், ஆள் அடிபட்டாலும் போடுவார்கள். நான் இறங்கினேன். ஆட்கள் கூடி நின்றார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. யா அல்லாஹ், சாரத்தை மட்டும் காட்டாதே, நீலக்கட்டம் போட்ட சாரத்தைக் காட்டாதே என்று சொல்லிக்கொண்டு கண்ணைக் கீழே போட்டபடி கொப்புகளை மிதித்துக்கொண்டு நடந்தேன். யாரோ டயர், ஜாக்கி என்று பேசுவது காதில் விழுந்தது. ஒரு பஸ் சரிந்து நின்றது. அவ்வளவுதான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் அக்கா தலையில் கைவைத்து நின்றார். நான் பள்ளியைக் கைகாட்டிவிட்டு வீதியைக் கடந்து ஓடினேன். பெண்கள் அந்தப் பள்ளிக்குள் போவதில்லை. நான் செருப்போடு ஹவுழ் வரைக்கும் போய்விட்டேன். வுழூ செய்கிற அந்தத் தண்ணீர்த் தொட்டியை முதலில் எட்டிப் பார்த்தேன், மீன் மட்டும்தான் ஓடியது. அதற்குப் பிறகுதான் வாப்பாவைக் கண்டேன்.

உள்ளே முதல் வரிசையில் தனியாக நின்றார். பாங்கு சொல்லும் மோதினார் கதவோரத்தில் நின்று என்னைக் கண்டதும் விரலை வாயில் வைத்தார்.

"ரோட்டில கண்டு ஓடிப் போனேன் மகள். அதுக்குள்ள கடந்துட்டாரு. ஒரு வேன்காரன் வண்டிய ஒதுக்கி எடுத்துட்டான். அல்லாஹ் காப்பாத்தினான்."

வாப்பா சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். திரும்பி மோதினாரைப் பார்த்து ஏசத் தொடங்கினார்.

"பாங்கு சொல்லிட்டு எங்க போனீங்க? ஸஃப்புல ஒரு மனுஷன் இல்ல. என்ன பள்ளி நடத்துறீங்க?"

மோதினார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது, பயத்தினால் மட்டும் இல்லை. அந்தக் குரல் வாப்பாவின் குரல். கடைக்காரர்களை ஏசுகிற, கணக்குச் சரியாகக் கேட்கிற, இரண்டு வருடமாக நான் கேட்காத குரல். என்னைக் கண்டதும், "ஸ்கூல் விட்டாச்சா மகள்?" என்று கேட்டார். மாதக் கணக்கில் என்னை அவர் மகள் என்று கூப்பிட்டதில்லை.

இதை நானாவிடம் நான் சொல்லவில்லை. அக்காவையும் சொல்லவிடவில்லை. சொன்னால் பூட்டு ஏறிவிடும். இன்னொன்றும் இருந்தது. பாங்கு அவரை எங்கிருந்தோ திருப்பிக் கூட்டி வருகிறது, நான் கண்ணால் கண்டேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் என்ன? வீதியைக் கடத்திவிட்டு வெளியே நின்று திருப்பிக் கூட்டி வரலாமே. நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒரு வேளையாவது கொடுக்கலாமே.

அடுத்த நாள் ஸ்கூலுக்கு லீவு போட்டு, இலக்கங்களுக்குள் பாங்கைத் தேடிப் பிடித்து, பின்னேரம் அஸர் தொழுகை நேரம் பார்த்து நானே அந்தக் கோப்பைப் போட்டேன். வாப்பா கண்ணைத் திறந்தார். எழும்பினார். குழாயடிக்குப் போய் வுழூ செய்தார். கை, வாய், மூக்கு, முகம், ஒன்றும் மாறவில்லை, ஒன்றும் விடுபடவில்லை. காலையில் சட்டை பட்டன் போடத் தெரியாமல் நின்றவர். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கையைப் பிடித்தேன். கேட்டடியில் உதறிவிட்டார்.

"பொம்பளப் புள்ள எங்க வார? வீட்டில இரிங்க."

"ரோடு மட்டும் வாப்பா. ரோடு கடந்து விட்டுட்டு வாரேன்."

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டும் கேட்காத மாதிரி. வீதியில் காலை வைத்துவிட்டார். தம்புள்ளைப் பக்கமிருந்து ஒரு பஸ் ஹோர்னை அடித்துக்கொண்டே வந்தது. வாப்பாவுக்கு ஹோர்ன் இல்லை, பஸ் இல்லை, முன்னால் பள்ளி மட்டும்தான். நான் பாய்ந்து முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்து கையோடு வந்தது. இரண்டு பேரும் கேட் தூணில் விழுந்தோம். பஸ்ஸின் காற்று முகத்தில் அடித்துப் போனது. நடத்துனர் மிதிபலகையில் தொங்கியபடி அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து ஏசிக்கொண்டு போனான்.

வாப்பா எழும்பினார். தொப்பியை எடுத்துத் தூசியைத் தட்டினார். அவர் முகத்தில் இருந்த கோபத்தை நான் சின்ன வயதில்கூடக் கண்டதில்லை.

"தொழப் போற மனுஷன மறிக்கிற. அல்லாஹ்வுக்குப் பயமில்லையா ஒனக்கு?"

பயம் இருக்கிறது. லொறிக்குப் பயம், பஸ்ஸுக்குப் பயம், நானாவுக்குப் பயம். அந்தக் கேள்வியோடு அல்லாஹ்வின் பயமும் சேர்ந்துகொண்டது. நாளைக்கு மஹ்ஷரில், தீர்ப்பு நாளில், இதையே என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன்? என் வாப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்று மறித்தேன் என்று சொல்லலாம். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. மௌலவி யாரிடமாவது கேட்கலாம் என்று அக்கா சொன்னார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, பதிலுக்குப் பயந்து.

பொழுது சாய்ந்து மஃரிபுக்கு முன் சவர்க்காரப் பெட்டியை என் லப்டொப்போடு இணைத்தேன். கோப்புறையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். எல்லாம் ஓதல்தான். ஒன்றே ஒன்றுதான் பாங்கு. அழிக்கும் கட்டளையை எழுதி அப்படியே வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன், இந்தக் கட்டளை உங்களிடம் உறுதியா என்று திருப்பிக் கேட்காது, கவனம் என்று. என்னிடமும் கேட்கவில்லை. பெட்டியை மீண்டும் செருகினேன். எழும்பியது, காத்திருந்தது, யாரும் தொடாமல் ஓதத் தொடங்கியது. வாப்பா படுத்துக்கொண்டார்.

ஆனால் அந்த இரண்டு நாளில் அவருக்குள் ஏதோ ஒன்று தங்கிவிட்டது. எல்லாவற்றையும் மறக்கிறவர் இதை மறக்கவில்லை. சில பின்னேரங்களில் ஓதல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழும்பிப் போய் வுழூ செய்துவிட்டு வருகிறார். தொப்பியைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்காருகிறார். முகத்திலும் முழங்கையிலும் தண்ணீர் சொட்டும். வெள்ளிக்கிழமை நானா வந்தால் கூட்டிப்போவார். வராத வெள்ளிகளும் உண்டு. வீட்டிலேயே தொழுவோம் வாப்பா என்று முஸல்லாவை விரித்துக் கொடுத்தால் என்னைப் புதினமாகப் பார்க்கிறார். பாங்கு சொல்லாமல் எப்படித் தொழுவது என்கிறார். பாங்கு கேட்காமல் அவர் வீதியைக் கடக்கப் புறப்பட மாட்டார், உட்கார்ந்து காத்திருப்பார் என்பதுதான் இப்போது என் பாதுகாப்பு.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். ஜன்னல் திறந்திருந்தது, லொறிகள் ஓய்ந்த ஒரு சின்ன இடைவெளி. வீதிக்கு அப்பாலிருந்து மோதினாரின் குரல் தெளிவாக வந்தது, ஒரு சொல்லும் தவறாமல் எனக்குக் கேட்டது. வாப்பா என் வாயையே பார்த்தார்.

"பாங்கு சொல்லிட்டாங்களா மகள்?"

"இல்ல வாப்பா," என்றேன், அவருக்குக் கேட்கும்படி சத்தமாக. "இன்னும் சொல்லல்ல."